8 ஓம் ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கர்: அரை மணி நேரத்தில் கட் ஆகிறது, என்ன செய்யலாம்?

காவிரிக்கரை

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 1980-களில் வந்த ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. 8 ஓமில் சேனலுக்கு 50 வாட்ஸ். இத்தனை வருஷமும் 8 ஓம் பெட்டிகள்தான் மாட்டியிருந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. ஜெர்மனியிலிருந்து ஊரோடு திரும்பி வந்த சித்தப்பா தன்னுடைய ஸ்பீக்கர் ஜோடியை எனக்குக் கொடுத்துவிட்டார். இடுப்பு உயரம், தரையில் நிற்கிற வகை. பின்னால் இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, 4 ஓம் என்று போட்டிருக்கிறது.

சத்தம் பிரமாதம். மிருதங்கத்தின் தொப்பி இப்போதுதான் சரியாகக் கேட்கிறது. ஆனால் கொஞ்சம் வால்யூம் ஏற்றி அரை மணி நேரம் கேட்டால் உள்ளே ஸ்பீக்கரைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலே டக்கென்று விழுந்து பாட்டு நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி பாடுகிறது. மேல் மூடியில் கை வைக்க முடியவில்லை.

பின்பக்கம் ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கருக்கு டெர்மினல் உண்டு. அங்கே அச்சடித்திருப்பது இது: ஏ அல்லது பி என்றால் 6 முதல் 16 ஓம். ஏ + பி என்றால் 12 முதல் 16 ஓம். கடையில் கேட்டதற்கு, "இம்பீடன்ஸ் மேட்ச் ஆகலை, 4 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை சீரிஸில் போட்டால் 8 ஆகிவிடும்" என்றார்கள். போடலாமா?

மைக்செட் மாமா

தம்பி, மேட்ச் ஆகாமல் ஓட்டவே கூடாது. திருவிழா மைக் செட் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் பாருங்கள், 4, 8, 16 ஓம் என்று தனித்தனி டெர்மினல், அப்புறம் 70 வோல்ட், 100 வோல்ட் லைன். 16 ஓம் ஸ்பீக்கர் யூனிட் ஒன்று என்றால் 16-இல் மாட்ட வேண்டும். இரண்டை இணையாகப் போட்டால் 8-இல், நான்கு என்றால் 4-இல். தப்பாக மாட்டி டிரான்ஸ்ஃபார்மர் புகைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் டெர்மினல் இல்லை என்றால் அந்த ஸ்பீக்கரை வைத்துப் பயன் இல்லை.

செம்புக்கம்பி

மாமா சொன்னது அவர் கையாளும் ஆம்ப்ளிஃபயருக்கு நூற்றுக்கு நூறு சரி. அங்கே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயரிலும் அதே கதைதான். இஎல் 84 வால்வு இரண்டைப் புஷ்-புல்லாக வைத்தால் அவற்றுக்கு எதிரே சுமார் 8000 ஓம் லோடு தெரிய வேண்டும், ஸ்பீக்கரோ 8 ஓம். ஆயிரத்துக்கு ஒன்று என்ற அந்த வித்தியாசத்தை டிரான்ஸ்ஃபார்மர்தான் சமாளிக்கிறது. சுற்று விகிதத்தின் வர்க்கம்தான் இம்பீடன்ஸ் விகிதம் என்பதால் ஏறக்குறைய 32-க்கு 1 சுற்று. அங்கே மேட்சிங் என்பது நிஜமான வேலை. ஸ்பீக்கரே இல்லாமல் சிக்னல் கொடுத்தால் வோல்டேஜ் எகிறி டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷனே போய்விடும்.

காவிரிக்கரை வீட்டில் இருப்பது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். அதன் அவுட்புட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அதன் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் பொதுவாக ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஸ்பீக்கர் அதைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக இருக்க வேண்டும் என்றுதான் வடிவமைக்கிறார்கள். கல்லூரியில் படித்த "சோர்ஸும் லோடும் சமமானால் அதிகபட்ச பவர்" என்ற தேற்றத்தை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறவர்கள் நிறையப் பேர். இங்கே அதற்கு வேலையே இல்லை. சமமாக வைத்தால் பாதி பவர் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே சூடாகப் போய்விடும், எந்த டிரான்சிஸ்டரும் தாங்காது.

அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி "மேட்ச் ஆகிறதா" இல்லை. "எவ்வளவு கீழே இறங்கலாம், அதற்கு எவ்வளவு கரண்ட் கொடுக்க வேண்டும், அந்தச் சூடு எங்கே போகும்" என்பதுதான். மேலே போவதில் ஆபத்தே இல்லை. 6 ஓம் குறைந்தபட்சம் என்று போட்ட ஆம்ப்ளிஃபயரில் 16 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் பவர் குறையும், அவ்வளவுதான். ஒன்றுமே மாட்டாமல் விட்டாலும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு எதுவும் ஆகாது. ஷார்ட் ஆவதுதான் அதற்கு எமன்.

கணக்கைப் பாருங்கள். 8 ஓமில் 50 வாட்ஸ் என்றால் அவுட்புட்டில் 20 வோல்ட். கரண்ட் 2.5 ஆம்பியர். அதே 20 வோல்ட் 4 ஓமில் விழுந்தால் 5 ஆம்பியர், 100 வாட்ஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரட்டிப்பு கரண்டைப் பவர் டிரான்ஸ்ஃபார்மரும், டையோடு பிரிட்ஜும், அவுட்புட் டிரான்சிஸ்டரும் சேர்ந்து கொடுக்க வேண்டும்.

சூடு இன்னும் முக்கியம். இந்த மாதிரி ஆம்ப்ளிஃபயரில் சப்ளை சுமார் ±35 வோல்ட் இருக்கும் என்று வையுங்கள். கிளாஸ் ஏபி என்ற சர்க்யூட் வகை அவுட்புட்டில் (ஸ்பீக்கர் டெர்மினல் ஏ, பி வேறு) சைன் அலைக்கு டிரான்சிஸ்டர் ஜோடி எரிக்கும் அதிகபட்ச சூடு, 8 ஓமில் சேனலுக்கு ஏறக்குறைய 31 வாட்ஸ். 4 ஓமில் 62. இரண்டு சேனலும் சேர்ந்து 124 வாட்ஸ், ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் நான்கைந்தை ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிய மாதிரி. இதில் இன்னொன்று: அந்த அதிகபட்சம் ஃபுல் வால்யூமில் வருவதில்லை, நடு வால்யூமில்தான் வருகிறது. "நான் பாதிதானே வைத்தேன், ஏன் இவ்வளவு சூடு" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

உங்களுடையது அரை மணி நேரம் ஓடி, சூடாகி, ரிலே விழுந்து, ஆறியதும் மறுபடி பாடுகிறது. உடனே விழுந்திருந்தால் கரண்ட் லிமிட் என்று சொல்லியிருப்பேன். அரை மணி நேரம் எடுக்கிறது என்றால் சூடுதான். ஆம்ப்ளிஃபயர் எங்கே வைத்திருக்கிறீர்கள்? மூடிய அலமாரியா?

ராகமாலை

சீரிஸ் ரெசிஸ்டர் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. 4-உம் 4-உம் 8 தானே? ஆம்ப்ளிஃபயருக்கு அதுவே பாதுகாப்பு இல்லையா?

செம்புக்கம்பி

ஆம்ப்ளிஃபயருக்குப் பாதுகாப்புதான். பாட்டுக்குத்தான் கேடு.

ஸ்பீக்கர் 4 ஓம் என்று எழுதியிருப்பது ஒற்றை எண். உண்மையில் அது ஒவ்வொரு அலைவரிசைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) இயல்பாக அதிரும் ரெசொனன்ஸ் அலைவரிசை அருகில் 20, 25 ஓம் வரை ஏறும். அதற்குச் சற்று மேலே 100, 200 ஹெர்ட்ஸில் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும். வூஃபரும் ட்வீட்டரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் கிராஸ்ஓவர் அலைவரிசை பக்கம் மறுபடி ஏறும். ரெசிஸ்டரோ எல்லா இடத்திலும் அதே 4 ஓம்.

இப்போது பங்கு பிரியுங்கள். ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்தில் ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் வோல்டேஜில் பாதிதான் அதற்குக் கிடைக்கும். 24 ஓமாக இருக்கும் இடத்தில் 28-இல் 24 பங்கு, அதாவது 86 சதவீதம். இரண்டுக்கும் வித்தியாசம் 4.7 டெசிபெல். ஈக்வலைசரில் ரெசொனன்ஸ் பட்டையை மட்டும் அந்த அளவு தூக்கி வைத்தால் என்ன ஆகும்? பேஸ் கொழகொழவென்று ஊதும். கூடவே டாம்பிங்கும் போய்விடும். ஆம்ப்ளிஃபயர் வூஃபர் கோனைப் பிடித்து நிறுத்துவது அதன் குறைந்த அவுட்புட் இம்பீடன்ஸால்தான். நடுவில் 4 ஓமை வைத்தால் அந்தப் பிடி விட்டுவிடும். தொப்பியின் அடி சுருக்கென்று நிற்காது, இழுத்துக்கொண்டு போகும். அது போக, பவரில் பாதி அந்த ரெசிஸ்டரில் எரிகிறது. 50 வாட்ஸ் சுருள் ரெசிஸ்டரை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், திரைச்சீலை பக்கத்தில் சூடாக வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

டையோடு

எல்லாரும் 4 ஓம், 4 ஓம் என்கிறோம். முதலில் அளந்து பார்க்கலாமே. ஐஇசி 60268-5 என்ற சர்வதேசத் தரத்தின்படி ஒரு ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எந்த இடத்திலும் அறிவித்த எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் என்றால் 6.4, 4 ஓம் என்றால் 3.2. இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்காத பெட்டிகள் சந்தையில் உண்டு. 8 என்று ஒட்டி நடுவில் 4-க்கு இறங்குபவையும் இருக்கின்றன. அதே மாதிரி, 4 என்று நேர்மையாக எழுதி 3.6-க்கு மேலேயே நிற்பவையும் உண்டு. ஜெர்மன் பெட்டிகளில் 4 ஓம் என்பது பழைய பழக்கம், பயப்பட வேண்டாம்.

காவிரிக்கரை, உங்களிடம் மல்டிமீட்டர் இருக்கிறதா? ஒயரைக் கழற்றிவிட்டு டெர்மினலில் ஓம் ரேஞ்சில் வைத்தால் வாய்ஸ் காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ் கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் அனேகமாக 5.5 முதல் 7-க்குள், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.7-க்குள் காட்டும். ட்வீட்டருக்கு (உயர் சுருதி ஸ்பீக்கர்) முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால் அது இந்த அளவில் வராது.

முழு வளைவு வேண்டும் என்றால் 10 ஓம், 10 வாட்ஸ் வெள்ளை செங்கல் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு டெர்மினலிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து ஸ்பீக்கரின் சிவப்பு, ஸ்பீக்கரின் கறுப்பு திரும்ப ஆம்ப்ளிஃபயரின் கறுப்பு. ஒரு சேனல் மட்டும் போதும். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு ஆக்ஸில் கொடுங்கள். மெல்லிய சத்தம், ஒன்று இரண்டு வோல்ட் வந்தால் போதும். ஒவ்வொரு அலைவரிசையிலும் ரெசிஸ்டரின் இரு முனைக்கு நடுவே ஏசி வோல்டேஜ் ஒரு தடவை, ஸ்பீக்கரின் இரு முனைக்கு நடுவே ஒரு தடவை. ஸ்பீக்கர் வோல்டேஜை ரெசிஸ்டர் வோல்டேஜால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் இம்பீடன்ஸ்.

மலிவு மீட்டர்கள் 400, 500 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏசி வோல்டேஜைக் குறைத்துக் காட்டும். ஆனால் இரண்டு அளவையும் அதே மீட்டரில் அதே அலைவரிசையில் எடுப்பதால் வகுக்கும்போது அந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அளக்கும்போது ரெசிஸ்டர் சீரிஸில் இருப்பதால் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியும் லோடு 13 ஓமுக்கு மேலே, அதனால் அதற்கும் பயம் இல்லை.

மைக்செட் மாமா

செம்புக்கம்பி விளக்கம் படித்தேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டில் டெர்மினல் பார்த்து மாட்டுவது என்ற பேச்சே இல்லை என்பது புரிகிறது. 100 வோல்ட் லைனில் நாங்கள் ஓமே பார்க்க மாட்டோம், வாட்ஸைத்தான் கூட்டுவோம். 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் என்றால் 10 வாட்ஸ் டேப்பில் (குழாயின் டிரான்ஸ்ஃபார்மரில் வாட்ஸ் தேர்ந்தெடுக்கும் முனை) பத்து குழாய் ஸ்பீக்கர், அதற்கு மேல் கிடையாது.

செம்புக்கம்பி

அதுவும் இதே கணக்குதான் மாமா. 100 வோல்ட் லைனில் 10 வாட்ஸ் டேப் என்றால் 1000 ஓம். பத்து குழாய் இணையாக 100 ஓம். பதினொன்றாவது குழாய் மாட்டினால் லோடு 100-க்குக் கீழே இறங்கும். வாட்ஸைக் கூட்டுவது மூலமாக நீங்கள் ஓமைத்தான் காவல் காக்கிறீர்கள்.

காவிரிக்கரை

டையோடு சொன்னபடியே அளந்துவிட்டேன். ரெசிஸ்டர் கிடைக்கச் சுலபம், கடையில் பத்து ரூபாய்தான்.

டிசி ரெசிஸ்டன்ஸ் 3.3 ஓம். ஏசியில் 28 ஹெர்ட்ஸில் 17 ஓம், 42-இல் 3.9, 62-இல் 21, 150-இல் 3.6. அப்புறம் மெல்ல ஏறி 2000 பக்கம் 12 ஓம். அதற்கு மேலே 5-க்கும் 6-க்கும் நடுவில் நிற்கிறது. இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

28-இலும் 62-இலும் இரண்டு மேடு ஏன்? ஒன்றுதானே இருக்க வேண்டும்?

ஆம்ப்ளிஃபயர் கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் இருக்கிறது. மேலே டிவிடி பிளேயர் உட்கார்ந்திருக்கிறது.

டையோடு

அருமையான அளவு. பெட்டியின் முன்னாலோ பின்னாலோ ஓட்டை இருக்கிறதா? அப்படியென்றால் பாஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டி. மூடிய பெட்டிக்கு ஒரு மேடு, ஓட்டைப் பெட்டிக்கு இரண்டு. நடுவில் 42-இல் இருக்கும் பள்ளம்தான் ஓட்டையை ட்யூன் செய்த அலைவரிசை. அந்த இடத்தில் கோன் அதிகம் அசையாது, ஓட்டையிலிருந்து வரும் காற்றுதான் சத்தம் போடும். 42 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்துவிட்டு ஓட்டைக்கு முன்னால் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

செம்புக்கம்பி

கண்ணாடிக் கதவு, மேலே டிவிடி பிளேயர். சரி, பாதிக் காரணம் கிடைத்துவிட்டது.

3.6 என்பது 4 ஓம் ஸ்பீக்கருக்கு நேர்மையான எண். உங்கள் ஆம்ப்ளிஃபயர் கேட்பது 6. அதாவது 150 ஹெர்ட்ஸ் பக்கம், பாட்டில் சக்தி அதிகமாகக் குவியும் இடத்தில், தயாரித்தவர்கள் நினைத்ததைவிட நிறையக் கரண்ட் இழுக்கிறீர்கள். இதை மறைக்க வழி இல்லை. ஆனால் "இந்த ஸ்பீக்கர் உதவாது" என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 6 ஓம் என்று அச்சடிப்பது ஃபுல் பவரில், வெயில் காலத்தில், கவனிப்பில்லாத கையிலும் பிழைக்க வேண்டும் என்ற கணக்கில். ஒரு அறையில் உட்கார்ந்து கேட்பதற்கு நாம் சராசரியாகச் செலவழிப்பது ஓரிரு வாட்ஸ்தான்.

முதலில் ஆம்ப்ளிஃபயரை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். மேலே ஒரு சாண் இடைவெளி, பக்கத்தில் நாலு விரல். டிவிடி பிளேயர் வேறு இடத்துக்குப் போகட்டும். மூடியைக் கழற்றிப் பெயிண்ட் பிரஷ் கொண்டு ஹீட் சிங்க் இடுக்கில் இருக்கும் தூசியைத் தட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர்கள் டிஸ்சார்ஜ் ஆக நேரம் கொடுத்த பிறகு. நாற்பது வருஷத்துப் பெட்டி என்றால் டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அதை மாற்றுவது தெரிந்த ஒருவர் கையில் அரை நாள் வேலை. பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் பயாஸ் கரண்டையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பயாஸ் ஏறியிருந்தால் பாட்டே இல்லாமலும் சூடாகும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஒரு மணி நேரம் ஆன் செய்து வைத்துத் தொட்டுப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். வெதுவெதுப்பு சரி, கை சுட்டால் சரியில்லை.

அப்புறம் பேஸ் நாப், பேஸைத் தூக்கும் லவுட்னஸ் பட்டன். நாப்பை ஃப்ளாட்டில் வையுங்கள், பட்டனை ஆஃப் செய்யுங்கள். 6 டெசிபெல் பேஸ் ஏற்றினால் அந்த இடத்தில் நாலு மடங்கு பவர் கேட்கிறீர்கள். உங்களுக்கு முன்பு சின்னப் பெட்டி இருந்ததால் நாப் ஏற்றியே பழகியிருக்கலாம். இந்தப் பெட்டிக்கு அது தேவையே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு நீங்கள் விரும்பும் சத்தத்தில் ரிலே விழுந்தால் 4 ஓமுக்கு என்றே கட்டிய ஆம்ப்ளிஃபயர் பாருங்கள். அதிலும் வாட்ஸ் எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். 8 ஓமில் 50, 4 ஓமில் 90 என்று இரண்டையும் போட்டிருந்தால் பவர் சப்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 8-இல் 50, 4-இல் 55 என்றால் டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு வாங்குகிறது.

ராகமாலை

4 ஓமில் பவர் இரட்டிப்பு ஆவதால்தானே அவருக்குச் சத்தம் பிரமாதமாக இருக்கிறது?

டையோடு

பவர் இரட்டிப்பு என்றால் 3 டெசிபெல். காதுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அவருக்குப் பிடித்தது பெரிய பெட்டியின் பேஸ்.

சென்சிட்டிவிட்டி எண்ணிலும், அதாவது கொடுக்கும் சிக்னலுக்கு எத்தனை டெசிபெல் சத்தம் என்பதிலும், இதைக் கவனிக்க வேண்டும். 2.83 வோல்ட், ஒரு மீட்டர் என்று அளப்பது வழக்கம். 8 ஓமுக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு 2 வாட்ஸ். அட்டையில் 90 என்று போட்ட 4 ஓம் ஸ்பீக்கர், ஒரு வாட் கணக்கில் 87 தான். 8 ஓம் பெட்டியோடு ஒப்பிட்டு வாங்குகிறவர்கள் இந்த 3-ஐக் கழித்துப் பார்க்க வேண்டும்.

சால்டரிங் வாசனை

பழையதை விட்டுப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எல்எம் 3886 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசியில் ±28 வோல்ட் கொடுத்தால் 4 ஓமில் 68 வாட்ஸ், 8 ஓமில் 38. ±35 கொடுத்தால் 8 ஓமில் 50. "35 கொடுத்து 4 ஓம் மாட்டினால் நூறு வருமே" என்று ஆசைப்பட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் விழித்துக்கொண்டு சத்தத்தைக் கடித்துத் துப்பும். டிடிஏ 7294 ஐசியும் அப்படித்தான்: 8 ஓமுக்கு ±35, 4 ஓமுக்கு ±27 என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். ஓம் குறைந்தால் சப்ளை வோல்டேஜும் குறைய வேண்டும். சில ரிசீவர்களின் பின்னால் இருக்கும் 6 ஓம் / 8 ஓம் ஸ்விட்சும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. சூடு குறையும், கூடவே கிளிப்பிங் (அலையின் உச்சி வெட்டுப்படுவது) சீக்கிரம் வரும். கிளிப் ஆன சிக்னல் ட்வீட்டரைத் தின்னும். அதனால் காற்றோட்டம் இருக்கிற இடத்தில் நான் அந்த ஸ்விட்சை 8-இலேயே விட்டுவிடுவேன். இதில் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

டி வகை (டிரான்சிஸ்டரை ஆன், ஆஃப் செய்தே ஓடும் கிளாஸ் டி) ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்குகிறவர்கள் அவுட்புட்டில் இருக்கும் காயிலையும் கெப்பாசிட்டரையும் மறக்கக் கூடாது. அந்த ஃபில்டர் ஒரு குறிப்பிட்ட ஓமுக்குக் கணக்குப் போட்டது. 4 ஓமுக்குப் போட்ட ஃபில்டரில் 8 ஓம் மாட்டினால் 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக மேலே தூக்கும், 8-க்குப் போட்டதில் 4 மாட்டினால் இறங்கும். ஃபில்டருக்குப் பிறகு ஃபீட்பேக் எடுக்கும் நல்ல போர்டுகளில் இது தெரியாது. டிரான்சிஸ்டர் உலகத்தில் மேட்சிங் என்ற வார்த்தைக்குக் கொஞ்சமாவது அர்த்தம் இருக்கிற இடம் இதுதான்.

காவிரிக்கரை

அலமாரியிலிருந்து எடுத்து மரப் பலகை மேல் வைத்துவிட்டேன். லவுட்னஸ் பட்டன் ஆன் ஆகத்தான் இருந்தது, அதையும் ஆஃப் செய்துவிட்டேன். நேற்று இரவு ஒரு முழுக் கச்சேரி, ரிலே விழவில்லை. ஹீட் சிங்க் பக்கம் சூடு இருக்கிறது, ஆனால் கை வைக்க முடிகிறது. பேஸ்ட் மாற்ற ஆள் பார்க்கிறேன்.

ஒயர் பற்றி ஒன்று. இப்போது இருப்பது 23/36, ஒரு பக்கம் 8 மீட்டர். போதுமா?

செம்புக்கம்பி

23/36 என்றால் 36 கேஜ் இழை 23. சேர்த்தால் ஏறக்குறைய 0.67 சதுர மில்லிமீட்டர். போக வர 16 மீட்டர், 0.4 ஓமுக்கு மேலே வரும். 8 ஓமுக்கு அது பொறுத்துக்கொள்ளலாம், 3.6 ஓமுக்கு அதிகம். சீரிஸ் ரெசிஸ்டருக்குச் சொன்ன அதே கேடு சின்ன அளவில் இங்கேயும் நடக்கும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் சுமார் 0.11 ஓமில் அடங்கிவிடும். ஸ்பீக்கர் ஒயர் என்று பேர் போட்டு விற்பதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். செம்புதானா என்று மட்டும் சுரண்டிப் பாருங்கள், அலுமினியத்தில் செம்புப் பூச்சு போட்டு நிறைய வருகிறது.

யாழ் வானொலிக்காரன்

அண்ணை, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என்னிடமும் இதே மாதிரி ஏ, பி ஸ்விட்ச் உள்ள செட் இருக்கு. ஏ-யில் 8 ஓம் ஒரு சோடி முன் அறையில், பி-யில் 6 ஓம் ஒரு சோடி குசினிக்கு. இரண்டையும் ஒன்றாகப் போடலாமோ? பின்னால் ஏ + பி என்றால் 12 ஓம் எண்டுதான் இருக்கு.

செம்புக்கம்பி

ஏ + பி போட்டால் அனேகமான செட்டுகளில் இரண்டும் இணையாக வரும். 8-உம் 6-உம் இணையாக 3.4 ஓம். பெட்டிகளின் பள்ளம் ஒரே இடத்தில் விழுந்தால் அதற்கும் கீழே. அச்சில் இருக்கும் 12 ஓம், ஒவ்வொரு பெட்டிக்குமான குறைந்தபட்சம். 12-உம் 12-உம் இணைந்தால் 6, அங்கேதான் அந்த எண் வருகிறது. சில பழைய செட்டுகளில் ஏ + பி சீரிஸில் போகும். ஏ + பி-யில் வைத்துவிட்டு பி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஏ-யும் நின்றால் சீரிஸ், தொடர்ந்து பாடினால் இணை. ஒயரைக் கழற்றும்போது செட்டை ஆஃப் செய்துவிடுங்கள், நுனிகள் ஒன்றோடொன்று தொட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

இணை என்று தெரிந்தால் ஒரு நேரத்தில் ஒரு சோடி மட்டும் போடுங்கள். இரண்டு அறையிலும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் குசினிக்குத் தனியாக ஒரு சின்ன டி வகை போர்டு வைத்து, செட்டின் டேப் அவுட்டிலிருந்து (டேப் ரெக்கார்டருக்கான அவுட்புட்) சிக்னல் எடுத்துக்கொள்ளுங்கள்.